காய்ச்சலக்கா

பனிக்காலம் வந்துவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் மணிச் சத்தத்துக்கு முன்னால் இருமல் சத்தம் கேட்டுவிடும். சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் அண்ணனுடைய பழைய ஸ்வெட்டர், தலையில் கண்ணை மறைக்கும் கம்பளித் தொப்பி என்று உருண்டு உருண்டு வரும் பிள்ளைகளில் எது இருமுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நர்ஸ் காதால் சொல்லிவிடுவாள்.

"பச்சைத் தொப்பி. நாலாவதா நிக்கிற ஆளு. இப்படி வா ராசா."

"பாம்புக்காது உங்களுக்கு," என்பார் வாட்ச்மேன், கேட்டின் ஒரு கதவை மட்டும் திறந்து பிடித்தபடி. இரண்டு கதவையும் திறந்தால் பிள்ளைகள் மடை திறந்த மாதிரி உள்ளே போய்விடும். ஒற்றைக் கதவு என்றால் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர வேண்டும். அந்த ஏற்பாடு அவளுடையது.

நானூறு பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ். ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, எடை பார்க்கும் மிஷின், வாந்தி எடுக்க ஒரு நீல பக்கெட், இவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். பல வருஷத்துக்கு முன்னால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று அவளைக் 'காய்ச்சலக்கா' என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் பெரிய டீச்சரே வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குளிர்காலத்தில் அவளுக்கு உட்கார நேரமிருக்காது. குழாயில் வரும் தண்ணீர் விரலை வெட்டுகிற மாதிரி இருப்பதால் பிள்ளைகள் கை கழுவுவதாகச் சொல்லி நகத்தை மட்டும் நனைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அதற்காகச் சமையலறையில் சொல்லி, சாப்பாட்டு மணிக்கு முன்னால் ஒரு அண்டா வெந்நீர் போட வைத்திருந்தாள். "சோறு ஆக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தாங்க, குளிப்பாட்டவா எடுத்தாங்க?" என்று சமையல்காரம்மா முணுமுணுப்பாள். ஆனால் பதினோரு மணிக்கெல்லாம் அண்டாவை அடுப்பில் ஏற்றியும் விடுவாள். அடுத்தது ஜன்னல். டீச்சர்கள் குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிடுவார்கள். நர்ஸ் ஒவ்வொரு வகுப்பாகப் போய் ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு வருவாள். அவள் முதுகு மறைந்ததும் அது படாரென்று சாத்தப்படும். அவள் திரும்பிப் போய்த் திறப்பாள்.

எல்லாவற்றுக்கும் மேலே கேட்டுதான். காய்ச்சல் என்றால் உள்ளே விடமாட்டாள். அப்பா போலீஸாக இருக்கட்டும், டாக்டராக இருக்கட்டும், வீட்டுக்குத்தான்.

பனி தொடங்கிய முதல் வாரத்தில் இஸ்திரிக்கடைக்காரம்மாவையும் அப்படித்தான் திருப்பி அனுப்பினாள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவள் மகனுக்குப் 'பம்பரம்' என்று பெயர். ஒரு இடத்தில் நிற்கமாட்டான். ஆனால் நெஞ்சு மட்டும் ஓட்டத்துக்கு ஒத்துழைக்காது. அடிக்கடி இளைப்பு வரும். அவனுடைய இன்ஹேலர் ஒன்று நர்ஸின் அலமாரியில் எப்போதும் இருக்கும்.

"நூத்தி ஒண்ணும்மா. கூட்டிட்டுப் போங்க."

"நர்ஸம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். ஒரு ஓட்டல் துணி மொத்தமும் வந்து கெடக்கு. மத்தியானத்துக்குள்ள குடுத்தாகணும்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? இவன் பக்கத்துல முப்பது புள்ளைங்க உக்காருதுங்க."

"உங்க ரூம்லயாச்சும் படுக்க வையுங்களேன்."

"அது அடிபட்டா, மயக்கம் வந்தா படுக்கிற இடம். காய்ச்சக்காரப் புள்ளைங்களைப் படுக்க வச்சா வர்ற புள்ளைக்கெல்லாம் ஒட்டும். வீட்டுல வச்சு நல்லா பாத்துக்கங்க. கஞ்சி குடுங்க."

இஸ்திரிக்கடைக்காரம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். ஏழு வயதுப் பையனின் கால்கள் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே போயின. நர்ஸ் அடுத்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். தான் செய்தது சரி என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

இது நடந்து மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை விடிகாலையில், நர்ஸின் மகளின் உடம்பு அனலாகக் கொதித்தது.

மகளுக்கு வீட்டில் 'மிளகு' என்று பெயர். உருவம் சிறியது, பேச்சு காரம். அவளும் இரண்டாம் வகுப்புதான்; பம்பரத்துக்குப் பக்கத்து இடம். நர்ஸின் கணவர் கரண்டுக் கம்பம் ஏறும் வேலையில் இருந்தார். புயல் காற்று கம்பங்களைச் சாய்த்துப்போட்ட ஊர்களுக்கு அவரை அனுப்பிப் பத்து நாளாகியிருந்தது. மிளகுக்கு உடம்பு சரியில்லை என்றால் வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு அக்கா, தன் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டாள். லீவு சொல்லலாம் என்று போனை எடுத்தபோது பெரிய டீச்சரே கூப்பிட்டார்.

"ஏம்மா, ஞாபகம் இருக்குல்ல? இன்னிக்கு சுகாதார ஆபீசுலேருந்து ஆளுங்க வர்றாங்க. மூணாம் வகுப்புல பதினோரு பேரு லீவு. ரிஜிஸ்டரெல்லாம் உங்ககிட்டதான் கேப்பாங்க. ஏழே முக்காலுக்கு வந்துடுங்க."

"டீச்சர்..."

"சொல்லுங்க."

"இல்ல டீச்சர். வந்துடறேன்."

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்தாள். சொல்லியிருந்தால் பெரிய டீச்சர் ஏதாவது வழி செய்திருப்பார். ஆனால் அந்த நேரத்தில் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. மருந்து கொடுத்தால் அரை மணியில் காய்ச்சல் இறங்கும். பன்னிரண்டு மணி வரை தாங்கும். அதற்குள் வந்தவர்கள் போய்விடுவார்கள். பிறகு தன் அறையிலேயே படுக்க வைத்துக்கொள்ளலாம். மற்ற அம்மாக்கள் எல்லாரும் போடுகிற அதே கணக்கு. அதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, "மருந்து குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்கதானே?" என்று கேட்டு வாயடைக்க வைப்பவள் அவள்.

சிரப்பை அளந்து ஊற்றினாள். மிளகு முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். கழுத்தில் மப்ளரைச் சுற்றி, கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டு வழியாகப் போகாமல் சமையலறைப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக உள்ளே கூட்டிப் போனாள்.

"ஏம்மா இந்தப் பக்கம்?"

"நேரமாச்சுடா கண்ணு."

"எனக்கு நெத்தி தொட்டுப் பாக்கலையா?"

"வீட்டுலயே பாத்துட்டேன்ல. போ, கிளாசுக்குப் போ."

மிளகு இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தாள். கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. காய்ச்சல் கண். நர்ஸ் அதைப் பார்க்காத மாதிரி கேட்டை நோக்கி நடந்தாள். அன்று காலை அந்தக் கேட்டிலிருந்து மூன்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினாள்.

கணக்குத் தப்பியது. பதினோரு மணிக்கே வகுப்பு டீச்சர் மிளகைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தாள். "பாவம், கொதிக்குது. டெஸ்குல தலைய வச்சுட்டா. பம்பரம் தன்னோட பாட்டில்லேருந்து தண்ணி குடுத்தானாம், அப்புறமா வந்து என்கிட்ட சொன்னான். காலைல நல்லாத்தானே இருந்தா?"

"ஆமா," என்றாள் நர்ஸ். ஒரே ஒரு வார்த்தை. மகளைக் கட்டிலில் படுக்க வைத்து மப்ளரை அவிழ்த்தாள்.

மிளகு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து தேறினாள். சமையல்காரம்மாவின் தங்கை வந்து கூட இருந்தாள். வியாழக்கிழமை காலை கேட்டில் பம்பரத்தின் நெற்றி குளிர்ந்துதான் இருந்தது. மூக்கு மட்டும் ஒழுகியது. உள்ளே விட்டாள். மதியம் விளையாட்டு மணியில், இரண்டு டீச்சர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

உதடு வெளிறியிருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே உள்ளே இழுத்தது. பேச்சு வரவில்லை. நர்ஸ் அலமாரியைத் திறந்தாள். அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, சட்டைப் பட்டனைக் கழற்றி, இன்ஹேலரைக் குலுக்கிக் குழாயில் பொருத்தி வாயில் வைத்தாள்.

"பம்பரம், என்னைப் பாரு. என் மூக்கையே பாரு. நான் இழுக்கிற மாதிரி இழு. அவசரம் இல்ல. யாரும் துரத்தல. இன்னொண்ணு. அவ்வளவுதான் ராசா."

நான்கு முறை கொடுத்தும் இழுப்பு அடங்கவில்லை. வாட்ச்மேன் ஆட்டோவைக் கேட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அவனை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு மருந்து கொடுத்தபடியே போனாள். அவன் விரல்கள் அவளுடைய சேலைத் தலைப்பைக் கொத்தாகப் பிடித்திருந்தன.

இஸ்திரிக்கடைக்காரம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். அவளிடமிருந்து சூடான துணியின் வாசனை வந்தது. டாக்டர், "சளிக் கிருமி ஒண்ணு நெஞ்சுல இறங்கியிருக்கு. சரியான நேரத்துல கொண்டாந்திருக்கீங்க. வீட்டுல, பக்கத்துல, யாருக்காச்சும் காய்ச்சல் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல யாருக்கும் இல்லீங்க," என்றாள் அம்மா. பிறகு நர்ஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லேன்னா எம்புள்ளை என்கிட்ட இல்ல. ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்."

நர்ஸ் அந்தக் கைகளிலிருந்து தன் கையை எப்படி உருவிக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் கணவரின் போன் வந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் காற்று இரைந்தது. அவர் எங்கோ கம்பத்தடியில் நின்றிருக்க வேண்டும்.

"இங்க பாரு. ஊர் பூரா சளி. பஸ்ஸுல வந்திருக்கும், கடையில வந்திருக்கும். நம்ம புள்ளைகிட்டேருந்துதான் போச்சுன்னு எவன் சொல்ல முடியும்?"

"யாராலயும் சொல்ல முடியாது."

"அப்புறம் என்ன? விடு. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேங்க. அந்தம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க. சாமிய பாக்கிற மாதிரி பாக்கிறாங்க. அதத்தான் தாங்க முடியல."

"சரி," என்றார் கடைசியில். "சொல்லிடு. வேலை போனா போவுது. நான் வர்ற வரைக்கும் சாப்பிடாம மட்டும் கெடக்காதே."

மறுநாள் காலையே பெரிய டீச்சரிடம் சொன்னாள். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றினார். "இத நான் எழுத்துல வைக்கணும்மா. மெமோ வரும்," என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "அன்னிக்குப் போன்ல ஏதோ சொல்ல வந்தீங்கல்ல? நானும் என்னன்னு கேக்கலையே."

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பம்பரத்துக்கு மூச்சு சீராகியிருந்தது, தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவனுடைய சட்டையை உள்ளங்கையால் நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தாள். கை சும்மா இருக்காது போலிருக்கிறது.

"வாங்க நர்ஸம்மா. உக்காருங்க. காலைல இட்லி கேட்டுச் சாப்பிட்டான்."

நர்ஸ் உட்காரவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் பேசாதீங்க," என்று ஆரம்பித்து, சிரப்பு, சமையலறைக் கதவு, பாட்டில், 'ஆமா' என்று சொன்னது, எதையும் விடாமல் சொல்லி முடித்தாள்.

இஸ்திரிக்கடைக்காரம்மா மடித்த சட்டையைப் பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"அன்னிக்கு என்னைத் திருப்பி அனுப்புனீங்களே," என்றாள். குரல் எழும்பவில்லை. "நான் இவனை எங்க கூட்டிட்டுப் போனேன்னு தெரியுமா?"

"வீட்டுக்கு..."

"வீட்டுல யாரு இருக்கா? இவங்கப்பா போய் நாலு வருஷமாச்சு. கடைக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். இஸ்திரி மேசைக்குக் கீழ ஒரு போர்வைய விரிச்சுப் படுக்க வச்சேன். மேல ஆவி, பக்கத்துல கரிப்புகை. இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு ரெண்டு நாள் அங்கதான் கெடந்தான். இருமி இருமி ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. 'வீட்டுல வச்சு நல்லா பாத்துக்கங்க'ன்னு சொன்னீங்க. எந்த வீட்டுலன்னு நீங்க கேக்கவே இல்ல."

நர்ஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் மருந்து குடுத்துக் கூட்டிட்டு வரத் தெரியாம இல்ல. அடுத்த புள்ளைக்கு ஒட்டும்னு நீங்க சொன்னீங்க. சரி, படிச்சவங்க சொல்றாங்கன்னு நம்பித்தான் போனேன். உங்க புள்ளைன்னு வரும்போது பின்வாசலா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பம்பரம் தூக்கத்தில் புரண்டான். அவள் சட்டென்று குரலை அடக்கிக்கொண்டு அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொண்டே, நர்ஸைப் பார்க்காமல் சொன்னாள்:

"நீங்கதான் காப்பாத்துனீங்க. நீங்கதான் நோவைக் கொண்டாந்தும் விட்டிருக்கீங்க. ரெண்டையும் சேத்து நான் எங்க வைக்கிறது? போயிட்டு வாங்க நர்ஸம்மா. இப்ப பேச வேணாம்."

பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தாள் நர்ஸ். இத்தனை வருஷமாகக் கேட்டிலிருந்து திருப்பி அனுப்பிய பிள்ளைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்தப் பிள்ளைகள் எல்லாம் எங்கே போய்ப் படுத்தன? கடைகளிலா, கட்டடம் கட்டும் இடத்து மணல்மேட்டிலா, வெளியே பூட்டிய வீட்டுக்குள் டிவி முன்னாலா? ஒரு பிள்ளையைப் பற்றிக்கூட அவளுக்குத் தெரியாது. அவளுடைய ரிஜிஸ்டரில் 'வீட்டுக்கு அனுப்பப்பட்டது' என்று மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் மெமோ வந்தது. வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அங்கேயே நின்று பெரிய டீச்சரிடம் ஒன்று கேட்டாள். மைதானத்து ஓரத்தில் உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் அறை, தனிவாசல், இரண்டு பக்கமும் ஜன்னல். அதைக் காலி செய்து கொடுத்தால், வீட்டில் ஆள் இல்லாத காய்ச்சல் பிள்ளைகளை வகுப்புக்கும் விடாமல் தெருவுக்கும் விடாமல் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

"அறை தரலாம். ஆளு?" என்றார் பெரிய டீச்சர். "பெரியவங்க ஒருத்தர் கூடவே இல்லாம புள்ளையை அங்க வைக்க நான் விடமாட்டேன். உங்களால கேட்டையும் பாத்து, நானூறு பேரையும் பாத்து, அங்கயும் உக்கார முடியாது."

அறை மட்டும் கிடைத்தது. வாட்ச்மேனும் சமையல்காரம்மாவும் அவளும் சனிக்கிழமை முழுக்கப் பெஞ்சுகளைத் தூக்கி, ஒட்டடை அடித்து, தரையைத் தேய்த்துக் கழுவினார்கள். ஊரிலிருந்து திரும்பிய கணவர், வந்த அலுப்போடு வயர் இழுத்து ஒரு ஹீட்டரை மாட்டிக்கொடுத்தார். யாரோ இரண்டு கட்டில் கொடுத்தார்கள். வாரம் ஒரு நாள், அரை நாள், யாராவது வந்து உட்கார முடியுமா என்று பெற்றோருக்கெல்லாம் சீட்டு அனுப்பினாள். நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் வேலை இருந்தது. ஆள் இல்லாமல் அறை பூட்டியே கிடந்தது.

பம்பரம் பள்ளிக்குத் திரும்பிவிட்டான். அவன் அம்மா தினமும் கேட்டு வரை கொண்டுவந்து விடுவாள். நர்ஸ் அவன் நெற்றியைத் தொடும்போது அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பேச்சு இல்லை. வணக்கம்கூட இல்லை. மிளகுக்கும் பம்பரத்துக்கும் இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரப்பருக்குச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஒரு புதன்கிழமை. எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் பனி. பஸ் டிரைவர் ஒருவர் தன் காக்கி ஜாக்கெட்டுக்குள் ஐந்து வயது மகளைச் சுருட்டி வைத்தபடி வந்தார். நர்ஸ் கையை உள்ளே விட்டு நெற்றியைத் தொட்டாள். தெர்மாமீட்டர் தேவையே இல்லை. ஆனாலும் வைத்தாள். நூற்றி ஒன்றரை.

டிரைவர் அவள் முகத்தையே பார்த்தார். வழக்கமான பதிலுக்காகத் தோள் அதற்குள்ளேயே சரிந்துவிட்டது.

"வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டாள் நர்ஸ்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "வீட்டுலயா? பூட்டுதான் இருக்கு நர்ஸம்மா. இவங்கம்மா அஞ்சு மணிக்கே மில்லுக்குப் போயிட்டா. எட்டரைக்கு நான் வண்டிய எடுக்கணும். முதல் டிரிப்பு முடிஞ்சு பன்னெண்டரைக்குத்தான் மாத்து ஆளு வருவான்."

நர்ஸ் சுற்றிலும் பார்த்தாள். வாட்ச்மேன் கதவைப் பிடித்திருந்தார். சமையல்காரம்மாவின் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. வரிசை தெருமுனை வரை நின்றது. பூட்டிய அறையின் சாவி அவள் இடுப்பில் இருந்தது. "கொஞ்சம் இருங்க. நான் பெரிய டீச்சர்கிட்ட..." என்று சொன்னாளே ஒழிய, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரியும்.

"பன்னெண்டரைதானே?"

குரல் வரிசையிலிருந்து வந்தது. இஸ்திரிக்கடைக்காரம்மா. பம்பரத்தின் கையை விட்டாள். "நீ கிளாசுக்குப் போ. ஓடாம போ," என்று அவன் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். பிறகு டிரைவரிடம் போய் இரண்டு கையையும் நீட்டினாள். "குடுங்க. நான் உக்காந்திருக்கேன்."

டிரைவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் அவளைப் பார்த்தாள்.

"உங்க கடை?"

"ஒரு நாள் ஊரு பூரா கசங்கின சட்டையில திரியட்டும். யாரும் செத்துட மாட்டாங்க."

பிள்ளை கை மாறியது. பழக்கமான கை, தலையைத் தோளில் சாய்த்து, சேலைத் தலைப்பால் காதை மூடியது. நர்ஸ் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்க்கப் போனாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. இஸ்திரிக்கடைக்காரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சமாதானம் ஆயிட்டேன்னு நினைச்சுக்காதீங்க," என்றாள் மெதுவாக. "இன்னும் ஆறல."

"தெரியுதுங்க."

"இது இந்தப் புள்ளைக்காக."

"சரிங்க."

சாவி கைக்கு வந்தது. அதை வாங்கிக்கொண்டு இரண்டடி நடந்த இஸ்திரிக்கடைக்காரம்மா நின்றாள். திரும்பினாள்.

"மாஸ்க் ஒண்ணு குடுங்க நர்ஸம்மா. வேணாம், ரெண்டா குடுங்க. ராத்திரி நான் எம்புள்ளை பக்கத்துலதானே படுக்கணும்."